ஊர் எல்லையில் மரத்தைப் போட்டோம்: கொள்ளைநோயைத் தடுப்பது நாட்டின் பண்பாடா?

#1 மேல்மலை வாத்தியார்

2020 மார்ச் கடைசி வாரத்தில், கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வரும் சாலையில் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பிரதமர் 24-ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதற்கு முந்தைய நாளே மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத் திடலில், கூடி முடிவெடுத்துவிட்டார்கள். பூண்டு எடுத்து முடித்திருந்த நேரம் அது. வீட்டுக்கு வீடு பரணில் பூண்டுக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வடுகபட்டிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கையில் காசு. அப்படியிருந்தும் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. "அம்மனுக்குக் காப்புக் கட்டினால் எப்படி இருப்போமோ அப்படி இருந்துகொள்வோம்" என்றார் பூசாரி. அதோடு பேச்சு முடிந்தது.

காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் இரவு தங்கமாட்டார். வெளியூராரும் எங்கள் ஊரில் தங்க முடியாது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்த வீட்டுப் படியை யாரும் மிதிக்கமாட்டார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அங்கே கடுகு தாளிக்கும் ஓசைகூடக் கேட்காது. என் அப்பத்தாவுக்கு அது பக்தி. 2020-ல் அதையே தனிமைப்படுத்தல் என்று சொல்லித் துண்டறிக்கை கொடுத்தார்கள்.

இப்போது இதை எழுதக் காரணம், சென்ற வாரம் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். மிஷேல் கெல்ஃபாண்ட் என்ற உளவியல் அறிஞரின் குழு 2021 தொடக்கத்தில் வெளியிட்டது. 57 நாடுகளை எடுத்துக்கொண்டு, விதி மீறுபவரைச் சுற்றியிருப்பவர்கள் எந்த அளவுக்குக் கண்டிக்கிறார்கள் என்பதை வைத்து 'இறுக்கமான' பண்பாடு, 'தளர்வான' பண்பாடு என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். மிகத் தளர்வான நாடுகளில் கொரோனா தொற்று ஐந்து மடங்கு, சாவு எட்டு மடங்குக்கும் மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு. போர், பஞ்சம், கொள்ளைநோய் என்று மீண்டும் மீண்டும் அடிபட்ட சமூகங்கள்தான் இறுகிப்போகின்றன என்பது கெல்ஃபாண்டின் விளக்கம்.

படித்ததும் எங்கள் ஊர் மரம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. இதே அறிஞர் 2011-ல் 33 நாடுகளை அளந்தபோது பாகிஸ்தான், மலேசியா, சிங்கப்பூர், தென்கொரியா ஆகியவற்றோடு இந்தியாவும் இறுக்கமான பக்கத்தில்தான் இருந்தது. அப்படியென்றால் 2021 ஏப்ரல், மே மாதங்களில் நம் நாடு ஏன் அப்படி மூச்சுத் திணறியது? மலையில் இருப்பவர்களும் மலையை விட்டுப் போனவர்களும் தங்கள் ஊரில் கண்டதை எழுதுங்கள்.

#2 ஒசாகாவில் குன்னூர்க்காரன்

வாத்தியார் ஐயா, நான் 2018 முதல் ஜப்பானில் இருக்கிறேன். இங்கே 2020 ஏப்ரல் 7 அன்று ஏழு மாகாணங்களில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். ஒசாகாவும் அதில் ஒன்று. ஊரில் நம் போலீசார் தடியோடு நின்ற அதே நாட்களில் இங்கே அரசு சொன்ன சொல் 'வேண்டுகோள்'. வெளியே போனால் அபராதம் இல்லை, வழக்கு இல்லை. அப்படிப்பட்ட சட்டமே அன்று கிடையாது. மூடிய இடம், கூட்டம், நெருங்கிப் பேசுதல் ஆகிய மூன்றையும் தவிர்க்கச் சொன்னார்கள். ரயில் காலியானது.

இதற்கு அவர்களிடம் 'ஜிஷுகு' என்று ஒரு சொல் இருக்கிறது. தன்னைத் தானே அடக்கிக்கொள்வது என்று பொருள் சொல்லலாம். முகக்கவசமும் அவர்களுக்குப் புதிதில்லை. உலகையே உலுக்கிய 1918 ஃபுளூ காலத்திலேயே பழகியது. சளி பிடித்தால் பள்ளிப் பிள்ளைகூடத் தானாக எடுத்து மாட்டிக்கொள்கிறது.

ஆனால் இதன் இன்னொரு முகத்தையும் நான் பார்த்தேன். வேறு மாகாணப் பதிவெண் கொண்ட வண்டிகளைக் கல்லால் கீறினார்கள். பயந்துபோய்ச் சிலர், "நான் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன்" என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்கள். மூடாத சூதாட்டக் கூடங்களின் பெயரை ஒசாகா ஆளுநரே வெளியிட்டார். என் தெருவில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை உண்டு. வயதான கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். ஒரு நாள் காலை அவர்கள் கதவில் கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. "கடையை மூடு. குழந்தைகளைக் கூப்பிடாதே." பெயர் இல்லை. அந்த அம்மா தாளைக் கிழிக்காமல், ஓரம் மடங்காமல் பிரித்தெடுத்து உள்ளே கொண்டுபோனதை எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடை இரண்டு மாதம் திறக்கவில்லை.

உங்கள் ஊரில் அந்த மரத்தைத் தாண்டி வர முயன்றவர்கள் யாராவது உண்டா ஐயா? அவர்களை என்ன செய்தீர்கள்?

#3 நாடுகாணி

பண்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் சொல்லியே தீர வேண்டும்.

நான் கூடலூர்ப் பக்கம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. இன்றும் லைன் வீடுதான், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல் இடம். அதில் ஏழு பேர். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு குழாய். ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய ஜீப் வந்து சொல்லிவிட்டுப் போனது. எங்கள் அறையின் அகலமே பத்தடி. என் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவனைத் தனியாக வைக்க இடமில்லாமல், பக்கத்து ஆறு வீட்டாரும் சேர்ந்து பிள்ளைப் பராமரிப்பு அறையைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். இது இறுக்கமா, தளர்வா? எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

சிங்கப்பூரைப் பாருங்கள். வாத்தியார் சொன்ன பட்டியலில் அது இறுக்கமான நாடு. விதி மீறினால் அபராதம், எல்லாம் ஒழுங்கு. 2020-ல் அங்கே பதிவான தொற்றில் பத்தில் ஒன்பது பங்கு வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில். ஓர் அறைக்குப் பத்துப் பேர், இருபது பேர் என்று இரண்டு அடுக்குக் கட்டிலில் படுத்திருந்தவர்கள். அதில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். நாடு ஒன்று, சட்டம் ஒன்று, நோய் மட்டும் கட்டிலைப் பார்த்து வந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு பண்பாடு என்று எண் போட்டுக் கொடுப்பவர்கள் அந்த விடுதியையும் எங்கள் லைனையும் எதில் சேர்த்து அளந்தார்கள்?

#4 மேல்மலை வாத்தியார்

நாடுகாணித் தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. நான் எழுதும்போது என் ஊரை மட்டும்தான் மனதில் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இடைவெளி உண்டு, தோட்டம் உண்டு, கிணறு உண்டு. அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒசாகாத் தம்பியின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

#5 பழைய கணக்கு, குன்னூர்

ஆய்வக வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். தேதிகளும் எண்களும் எனக்குப் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நாடுகளை ஒப்பிடும்போது பதிவான சாவை வைத்துத்தான் ஒப்பிடுகிறோம். 2020, 2021 இரண்டு வருடங்களில் இந்தியாவில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கு ஐந்து லட்சத்துக்கும் குறைவு; அந்த மதிப்பீட்டை அரசு ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய இடைவெளியை வைத்துக்கொண்டு, இறுக்கமான நாட்டில் சாவு குறைவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சுவீடனையும் சொல்ல வேண்டும். அங்கே ஊரடங்கு போடவில்லை, சிறு பிள்ளைகளின் பள்ளியை மூடவில்லை. 2020-ல் முதியோர் இல்லங்களில் சாவு குவிந்தது. பக்கத்து நார்வே, பின்லாந்தைவிடப் பல மடங்கு. மூன்று வருடக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஐரோப்பாவிலேயே கூடுதல் சாவு குறைந்த நாடுகளில் அதுவும் ஒன்று. எந்த வருடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பே மாறிவிடுகிறது.

பண்பாட்டுக்கு எதிராக நான் எப்போதும் சொல்லும் சாட்சி சமோவா. பசிபிக் தீவுகள், ஒரே மக்கள், ஒரே மொழி, ஒரே உறவுமுறை. மேற்குப் பகுதி நியூசிலாந்து நிர்வாகத்தில், கிழக்குப் பகுதி அமெரிக்கக் கடற்படை ஆளுநரின் கையில். 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து வந்த 'டலூன்' என்ற கப்பலை மேற்கில் நோயாளிகளோடு இறங்க விட்டார்கள். ஐந்தில் ஒருவர் இறந்துபோனார். கிழக்கில் ஆளுநர் கப்பல்களைத் தடுத்தார். அங்கே அந்த ஃபுளூவில் ஒரு சாவுகூட இல்லை. மக்களின் பண்பாடு இரண்டு கரையிலும் ஒன்றுதான். துறைமுகத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் வேறு.

ஆனால் இதே சாட்சி எதிர்ப் பக்கமும் பேசும். நியூசிலாந்தில் அதே 1918-ல் பூர்வகுடிகளான மவோரி மக்கள் வெள்ளையரைப் போல ஏழெட்டு மடங்கு விகிதத்தில் இறந்தார்கள். நூறு வருடம் கழித்து, 2020-ல், கிழக்குக் கரையிலும் வடக்கிலும் மவோரிகள் தாங்களே சாலையில் சோதனைச் சாவடி போட்டு வெளியாரைத் திருப்பி அனுப்பினார்கள். பாட்டி சொன்ன கதையை மறக்காததால் வந்த காவல் அது. வாத்தியார் ஊர் மரமும் அதுவும் உடன்பிறப்புகள் என்றே நினைக்கிறேன்.

தைவானும் வியட்நாமும் தொடக்கத்தில் நன்றாகச் சமாளித்ததை, மூத்தோருக்கும் அரசுக்கும் பணியும் கன்ஃபூசியப் பண்பாடு என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இரண்டு நாடும் 2003-ல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றிடம் அடி வாங்கியவை. தென்கொரியா 2015-ல் அதே வகையைச் சேர்ந்த மெர்ஸில் 186 பேருக்கு நோய் வந்து 38 பேரை இழந்தது. அதன் பிறகு சட்டத்தையே திருத்திப் பரிசோதனைக்கு வழி செய்து வைத்தது. நாம் பண்பாடு என்று பெயர் வைப்பதில் பெரும்பகுதி, முந்தைய நோயின் நினைவு. நினைவு இருக்கும் இடத்தில் ஆணைக்கு முன்பே கை நீள்கிறது.

குன்னூர்க்காரன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 1957 ஆசிய ஃபுளூ மே மாதம் சென்னைத் துறைமுகம் வழியாகத்தான் நம் நாட்டுக்குள் நுழைந்தது. அதைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்த இன்ஃபுளுவென்சா மையம் இங்கே சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

#6 ஹட்டிப் பையன், கோத்தகிரி

பழைய கணக்கு ஐயா சொன்ன 'நினைவு' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நினைவு மட்டும் போதாது என்பதற்கு நானே சாட்சி.

எங்கள் படகர் வழக்கத்தில் பெரியவரைக் கண்டால் தலை குனிந்து நிற்போம். அவர் வலது கையைத் தலையில் வைத்து வாழ்த்துவார். கையைத் தலையில் வைக்காமல் வாழ்த்து இல்லை. சாவு என்றால் சொல்லவே வேண்டாம். எந்த ஹட்டியில் (எங்கள் ஊர்களை அப்படித்தான் சொல்வோம்) இறந்தாலும் சுற்றிலும் உள்ள ஹட்டிகள் எல்லாம் வந்து நிற்கும். கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். சாவுக்குப் போகாதவனை உறவாக எண்ணமாட்டார்கள். 2020 ஜூலையில் எங்கள் ஹட்டியில் ஒரு பாட்டி இறந்தார். வயது முதிர்ந்த சாவு, கொரோனா இல்லை. மக்கள் வந்தார்கள். தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பத்து நாளில் நாற்பது வீடுகளில் காய்ச்சல். இறுக்கமான சமூகம்தான் நாங்கள். வழக்கத்தை மீறினால் முகத்துக்கு நேரே கேட்பார்கள். அந்த இறுக்கமே எங்களைச் சாவு வீட்டுக்கு இழுத்துப் போனது. ஆய்வு செய்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பார்களா, தெரியவில்லை. எந்த விதியில் இறுக்கம் என்பதுதானே கேள்வி?

என் அப்பா 2021 மே மாதம் கோவையில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். மூன்று நாள் எங்களுக்கு அவர் எந்தப் படுக்கையில் இருக்கிறார் என்றுகூடச் சொல்லவில்லை. நான்காம் நாள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். முகத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். காட்டவில்லை. மூட்டை போலக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும்போதே ஊருக்குச் சொல்லிவிட்டேன், யாரும் வர வேண்டாம் என்று. பெரியவர்களும் அதையே சொல்லியிருந்தார்கள். ஜூலையில் பட்டது எல்லாருக்கும் நினைவிருந்தது. வண்டி எங்கள் ஹட்டியின் வளைவில் திரும்பியது. சாலையில் ஒருவரும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். மேட்டில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, அவரவர் தோட்டத்தில், ஆளுக்கு ஒரு திட்டாகத் தள்ளித் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். ஆண்கள் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். பெண்கள் வெள்ளைச் சேலையில். யாரும் பேசவில்லை. வண்டி கடந்து போகும்வரை தலை குனிந்தே நின்றார்கள். அந்தச் சரிவு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

வழக்கத்தை விட்டுவிட்டார்கள் என்றா சொல்வீர்கள்? என் அப்பாவின் சாவுக்கு ஊர் வந்தது.

#7 செவிலி அக்கா

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியவில்லை.

நான் கிராம சுகாதார செவிலியர். 2021-ல் பழங்குடி ஊர்களுக்குத் தடுப்பூசி போடப் போனேன். ஒரு குரும்பர் ஊர், கீழ்ச் சரிவில். ஜீப் போகாது, இரண்டு மைல் நடக்க வேண்டும். முதல் முறை போனபோது ஊரில் ஆளே இல்லை. அடுப்பில் தணல் இருந்தது, காப்பித் தூள் டப்பா திறந்திருந்தது. எல்லாரும் காட்டுக்குள் போய்விட்டார்கள். இரண்டாம் முறையும் அதே கதை. என்னோடு வந்த ஒருவர் "இவர்கள் பழக்கமே இப்படித்தான், மூடநம்பிக்கை" என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. காக்கி உடையும் கோப்பும் கையுமாக அந்த ஊருக்கு யார் வந்தாலும் இதுவரை எதையாவது எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். தேன் எடுக்கும் பாறை, மேய்ச்சல் இடம், விறகு. அந்த நினைவில் ஓடியவர்களை எப்படிக் குறை சொல்வது?

மூன்றாம் முறை மருந்துப் பெட்டி இல்லாமல் போனேன். ஒரு பாட்டி மட்டும் திண்ணையில் இருந்தார். தேனைப் பற்றி, மழையைப் பற்றி, என் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எழும்போது கேட்டார்: "உன் அம்மாவுக்குப் போட்டாயா?" போட்டேன் என்றேன். "காய்ச்சல் வந்ததா?" ஒரு நாள் வந்தது என்று உண்மையைச் சொன்னேன். வரவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். அடுத்த வாரம் பாட்டிதான் முதலில் கையை நீட்டினார். அன்று பத்தொன்பது பேர்.

கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள். 1990 முதல் நடக்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னால் யார் காட்டுக்குள் ஓடப் போகிறார்கள்? என் கருத்து இதுதான்: மக்களின் பண்பாட்டைப் பற்றி ஆயிரம் ஆய்வு வரட்டும், அவர்களிடம் போகும் அதிகாரியின் பண்பாட்டை யாராவது அளக்க வேண்டும்.

#8 பழைய கணக்கு, குன்னூர்

அக்கா சொன்னதற்கு நூற்றிருபது வருடத்துக்கு மேற்பட்ட சாட்சி உண்டு. 1897-ல் புனேயில் பிளேக் வந்தபோது ராணுவத்தை வீட்டுக்குள் அனுப்பிச் சோதனை போட்டார்கள். பூஜை அறைக்குள் பூட்ஸ் காலோடு போனார்கள், பெண்களை வெளியே நிறுத்திப் பரிசோதித்தார்கள். ஜூன் மாதம் பிளேக் ஆணையர் ராண்டைச் சாபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். நோய் இன்னும் பரவியது. அந்த வருடம் பிறந்த கொள்ளைநோய்ச் சட்டத்தைத்தான் 2020-லும் நம் மாநிலங்கள் கையில் எடுத்தன.

அதே பிளேக் கோவைக்கு வந்தபோது நம் மக்கள் அதற்கு ஒரு மாரியம்மனை வைத்தார்கள். பிளேக் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. நோயைக் கும்பிட்டு ஒதுங்கி நிற்கும் வழக்கம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அந்த வழக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும்.

#9 மேல்மலை வாத்தியார்

ஒசாகாத் தம்பி கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

ஆம், ஒருவன் வந்தான். என்னிடம் படித்த பையன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. கம்பெனி மூடிவிட்டது. வத்தலக்குண்டு வரை காய்கறி லாரி, அங்கிருந்து நடை, பிறகு ஒரு பால் வண்டி, மறுபடி நடை. மாலை ஆறரைக்கு மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். இந்தப் பக்கம் நாங்கள் பதினைந்து பேர். அவன் அம்மாவும் வந்துவிட்டாள். "உள்ளே விடுங்கள், வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறேன்" என்று அழுதாள். ஊர் முடிவு, மாற்ற முடியாது என்றார்கள். நானும் அந்தப் பதினைந்தில் ஒருவன். வாயைத் திறக்கவில்லை.

அன்று இரவு முழுக்க அவன் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். மார்ச் என்றாலும் மேல்மலையில் இரவுக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள்தான் பள்ளிக்கூடத்தைத் திறந்து அவனை விட்டோம். சாவி என்னிடம் இருந்தது. முதல் நாளே எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது, சொல்லத் துணியவில்லை.

ஐந்தாம் வகுப்பில் பதினான்கு நாள் இருந்தான். அவன் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். கரும்பலகையின் ஓரத்தில், நாங்கள் தேதி எழுதும் இடத்துக்குக் கீழே, பதினான்கு கோடுகள். முதல் கோடு மட்டும் தனியாக, மேலே தள்ளிப் போட்டிருந்தான். அது மரத்தின் மேல் கழிந்த இரவு என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் அந்த வருடம் கொரோனாவால் ஒரு சாவும் இல்லை. அந்த மரத்தைப் போட்டது தவறு என்று என்னால் சொல்ல முடியாது. அந்த ஓர் இரவைச் சரி என்றும் சொல்ல முடியாது.

#10 நாடுகாணி

வாத்தியார் ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் பக்கம் சாவடியில் காவல் நின்றவர்கள் யாரும் இதுவரை இப்படி எழுதியதில்லை. கேரள எல்லையில் நிப்பா காலத்திலும் நிறுத்தினார்கள், கொரோனாவிலும் நிறுத்தினார்கள். நிறுத்தியதைப் பற்றித்தான் செய்தி வரும், நின்றவனைப் பற்றி வராது.

ஒரு வேண்டுகோள். அந்தப் பையனிடம் கேளுங்கள். அவன் வாயால் சொல்வதை எழுதி வையுங்கள்.

#11 பழைய கணக்கு, குன்னூர்

ஆமோதிக்கிறேன். 1918 ஃபுளூவில் இந்தியாவில் ஒன்றே கால் கோடிக்குக் குறையாமல் இறந்தார்கள். இந்த மலைகளில் ஊர் ஊராக என்ன நடந்தது என்று தேடினால் கைக்குக் கிடைப்பது மிகக் குறைவு. நம் தாத்தா பாட்டிகள் எழுதி வைக்கவில்லை. உங்கள் ஊர்க் கதையை நாள்வாரியாக எழுதிப் பள்ளிக்கூடத்திலேயே வையுங்கள். மரம் வெட்டியது யார், பால் எப்படி வெளியே போனது, மருந்து யார் வாங்கி வந்தது, பிரசவம் இருந்ததா. அடுத்த முறை வருபவர்களுக்கு இந்த விவரம்தான் வேண்டும்.

#12 மேல்மலை வாத்தியார்

நீங்கள் சொன்னபடி தொடங்கிவிட்டேன். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கினேன். நேற்று மாலை அந்தப் பையன் வந்தான். இப்போது வடுகபட்டிக்குப் பூண்டு ஏற்றும் வேன் ஓட்டுகிறான். கரும்பலகைக் கோட்டைப் பற்றிக் கேட்டேன். நான் நினைத்தது சரியில்லை. சாக்பீஸ் எட்டும் உயரத்தில் முதல் கோட்டைப் போட்டானாம். பிறகு கால் வலியால் உட்கார்ந்தபடியே போட்டதால் மற்றவை கீழே வந்துவிட்டன.

இன்னொன்றும் சொன்னான். அன்று இரவு இரண்டு மணி இருக்கும், யாரோ மரத்துக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு கம்பளியையும் தூக்குப் போணியில் சுடு கஞ்சியையும் கம்பால் தள்ளிவிட்டுப் போனார்களாம். இருட்டில் முகம் தெரியவில்லை. கம்பளியில் பூண்டு வாசம் அடித்தது என்றான். எங்கள் ஊரில் எல்லார் வீட்டுக் கம்பளியிலும் அதுதான் அடிக்கும்.

முதல் பக்கத்தில் எழுதியிருப்பது இது:

"2020 மார்ச் 23, திங்கட்கிழமை. காலை மந்தையில் கூட்டம். வந்தவர்கள் ஆண்கள் மட்டும். பெண்களைக் கேட்கவில்லை. புலையர் தெருவிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. மரம் வெட்டியவர்கள் அவர்கள்தான். கூலி கொடுத்ததா என்று விசாரிக்க வேண்டும்."

நாளை அந்தத் தெருவுக்குப் போகிறேன்.